முன்னாள்

உட்கார்ந்துவிட்டேன். அதுதான் பெரிய காரியம் என்று வீட்டிலிருந்து நினைத்துக்கொண்டே வந்தேன், ஒன்றும் இல்லை, முழங்கால் மடங்கியது, பெஞ்சு இருந்தது, உட்கார்ந்துவிட்டேன். நகராட்சி ஆபீஸ் வராந்தா. எதிரே சேர்மன் அறைக் கதவு, கதவில் பச்சைத் திரை. ஐந்து வருஷம் அந்தத் திரையை எனக்காக யாராவது ஒதுக்கிப் பிடித்தார்கள், என் கை அதன்மேல் பட்டதே இல்லை, அது பருத்தியா பாலியஸ்டரா என்று கேட்டால் தெரியாது. இந்தப் பெஞ்சும் தெரியாது. நான் வரும்போது பெஞ்சில் இருக்கிறவர்கள் எழுந்து நிற்பார்கள், அதனால் பெஞ்சு என்றால் எனக்கு எழுந்து நிற்கிற கால்கள்தான், செருப்புப் போட்ட கால், செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு நிற்கிற கால், வெடிப்பு விழுந்த குதிகால். இப்போது உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, இரண்டு பலகைக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்கிறது, அதில் சேலை மாட்டுகிறது. மாட்டிய சேலையை இழுத்தால் கிழியும், எழுந்து நின்றுதான் எடுக்க வேண்டும், எழுந்தால் வராந்தா முழுக்கப் பார்க்கும். மாட்டிக்கொண்டு இருக்கட்டும். இவ்வளவு பேர் சேலை மாட்டி, வேட்டி மாட்டி இதில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தர்கூட என்னிடம் வந்து அம்மா, அந்தப் பெஞ்சை மாற்றுங்கள் என்று சொன்னதில்லை. சொல்ல மாட்டார்கள். சேர்மனைப் பார்க்க வருகிறவன் பட்டா கேட்பான், பாலம் கேட்பான், பெஞ்சு கேட்பானா?

நம்பிராஜன் வருகிறான். என் காலத்தில் இருந்த அதே தபேதார், அதே சிவப்புப் பட்டை, கொஞ்சம் தொப்பை கூடியிருக்கிறது. தூரத்தில் பார்த்ததும் வேகமாக நடக்கிறான், பக்கத்தில் வர வர வேகம் குறைகிறது. பாவம், கும்பிடுவதா வேண்டாமா என்று அவன் கைக்குத் தெரியவில்லை, பாதி உயர்ந்து நெஞ்சுக்குக் கீழே நின்றுவிட்டது. "எம்மா, நீங்க இங்க உக்காரலாமா? உள்ள மீட்டிங் நடக்கு. நான் போய்ச் சொல்லட்டுமா?" "சொல்லு நம்பி. கிணத்தடித் தெரு உலகம்மா வந்திருக்கான்னு சொல்லு. அவசரம் இல்ல, மீட்டிங் முடியட்டும்." "அப்ப சேராவது எடுத்துப் போடுதேன்." "வேண்டாம்யா. எல்லாரும் உக்காருத எடந்தானே." சொல்லி முடித்ததும் எனக்கே ஒரு கூச்சம், மேடையில் சொல்கிற வாக்கியம் மாதிரி இருந்தது அது. நிஜமாகவே நாற்காலி வேண்டாம் என்றுதான் சொன்னேனா, இல்லை வேண்டாம் என்று சொல்வதை நாலு பேர் கேட்கட்டும் என்று சொன்னேனா? அவன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டிருந்தால் வராந்தாவின் நடுவே தனியாக ஒரு முன்னாள் சேர்மன், அம்மன் சப்பரத்தை இறக்கி வைத்த மாதிரி. பெஞ்சே நல்லது. பெஞ்சில் பத்தோடு ஒன்று. முன்னாள். அந்த வார்த்தையை முதலில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் பார்த்தேன், முன்னாள் நகர்மன்றத் தலைவி திருமதி உலகம்மாள் ஆறுமுகநயினார் அவர்கள் முன்னிலையில் என்று. தோற்று ஒரு மாசம்கூட ஆகவில்லை, அச்சுக்காரன் அதற்குள் எழுத்தைக் கோர்த்துவிட்டான். என் வீட்டுக்காரர் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். "பரவால்ல, முன்னாள்னாவது போட்டிருக்கான்லா" என்றார். அந்தக் கல்யாணப் பந்தியில்தான் என் நாத்தனார் தங்கக்கிளி பக்கத்து இலையில் உட்கார்ந்து, பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டே, நாலு பேர் கேட்கக் கேட்டாள்: "ஏறுனது கஷ்டமா மைனி, எறங்குனது கஷ்டமா?" பந்தியே கை நிறுத்திப் பார்த்தது. எனக்கு வாயில் பாயசம். விழுங்குவதற்குள் அவள் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு விழுங்கின பதில் இன்னும் உள்ளேதான் கிடக்கிறது, தோசை திருப்பும்போதும் துணி காயப் போடும்போதும் எழுந்து வருகிறது, ஏறினது, இல்லை இறங்கினது, இல்லை ஏறினதுதான்.

ஏறினது சின்னக் கஷ்டமா? பீடி சுற்றிக்கொண்டிருந்தேன் நான். மடியில் முறம், முறத்தில் இலை, விரல் பாட்டுக்குச் சுற்றும், வாய் பாட்டுக்குப் பேசும். அந்தப் பேச்சுதான் என்னை மகளிர் குழுவுக்குத் தலைவியாக்கியது. எங்கள் ஊர் நகராட்சியைப் பெண்களுக்கு என்று ஒதுக்கினார்கள், கட்சிக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள், என்னைப் பார்க்க அல்ல, அவரைப் பார்க்க. பந்தல் காண்டிராக்டர் ஆறுமுகநயினாருக்குப் பெண்டாட்டி இருக்கிறாள், கையெழுத்துப் போடுவாள், போதும். நான் உள்ளே காப்பி ஆற்றிக்கொண்டே கேட்டேன், என்னைப் பற்றி ஏதோ வாடகைப் பாத்திரம் பற்றிப் பேசுகிற மாதிரி பேசினார்கள். ஜெயித்தேன். முதல் கூட்டத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் என் கால் தரையில் எட்டவில்லை. எனக்கு முந்தி இருந்தவர்கள் எல்லாம் ஆறடி ஆட்கள். மேஜைக்கு அடியில் இரண்டு கால்களும் அந்தரத்தில் ஆடுகின்றன, மேலே நான் மரியாதையாக முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன். கவுன்சிலர் ஒருத்தர் கத்துகிறார், கமிஷனர் எனக்குப் பதிலாகப் பதில் சொல்கிறார், என் பெயரை எல்லாரும் சொல்கிறார்கள், என்னிடம் யாரும் பேசவில்லை. பேச வேண்டும் என்று வாயைத் திறந்தால் வந்தது வேற யாரோ குரல், தொண்டைக்கு மேலே இருந்து, கீச்சென்று, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. என் சொந்தக் குரலை அந்த அறைக்குள் கொண்டுவர எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. முறத்து முன்னால் பேசின அதே குரல். அது வந்த அன்றைக்கு மன்றம் அடங்கியது. அதற்கு அப்புறம் எனக்கு யாரும் தேவைப்படவில்லை, என் வீட்டுக்காரர்கூட. நான் நல்லா செய்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. சந்தை வாசலில் வெளிச்சம் போட்டேன், பெண்கள் பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டினேன், கிணத்தடித் தெருவுக்கு ஆற்றுத் தண்ணி கொண்டுவந்தேன். தண்ணி.

ஆமாம், அதுதான். எதையெதையோ நினைத்து அங்கேயே வந்து நிற்கிறேன். அந்தத் தண்ணி லைன்தான் இப்போது நாறுகிறது. நேற்று சாயங்காலம் பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் குடத்தோடு வந்தாள், என் அடுக்களையில் இருந்து ஒரு தம்ளரை எடுத்தாள், ஊற்றினாள், என் முகத்துக்கு நேரே நீட்டினாள். மோந்து பார்க்கவே வேண்டியதில்லை. வாறுகால் தண்ணி. பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கிறது, அதுதான் மோசம், தெளிந்த சாக்கடை. அவள் மகள் ஜெனி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், மஞ்சக்காமாலை, கண் இரண்டும் மஞ்சள் கிழங்கு. தெருவில் இன்னும் நாலு வீட்டில் வாந்தி. எங்கள் வீட்டில் மாடித் தொட்டியில் பழைய தண்ணி இருந்ததால் எங்களுக்குத் தெரியவில்லை. மரியபுஷ்பம் தம்ளரை மேடையில் வைத்துவிட்டு முந்தானையால் கையைத் துடைத்தாள். "எக்கா, ஒரு உண்மையச் சொல்லிருதேன். நான் ஒங்களுக்கு ஓட்டுப் போடல." "தெரியும்." "இந்தத் தெருவுல முக்காவாசிப் பேரு போடல." "தெரியும்ட்டி. நம்ம தெரு ஓட்ட எண்ணும்போது நான் அங்கதானே நின்னேன்." "அது வேற, இது வேற. இப்ப நீங்கதான் போவணும். நாங்க போனா வாசல்லயே திருப்பி அனுப்பிருதாவ." நான் அதற்குப் பதில் சொல்லாமல், கேட்கக் கூடாது என்று ஒரு வருஷமாக வைத்திருந்ததைக் கேட்டேன். ஏன் போடல? அவள் யோசிக்கவே இல்லை, தயாராக வைத்திருந்த மாதிரி சொன்னாள்: "நீங்க கார்ல போவும்போது கண்ணாடிய ஏத்திட்டுப் போனிய."

கண்ணாடி. ராத்திரி முழுக்கக் கண்ணாடி. தூசிக்கு ஏற்றினேன் அல்லவா? டிரைவர் ஏசி போட்டிருப்பான், அதனால் ஏற்றியிருப்பான் அல்லவா? கண்ணாடிக்கு உள்ளே இருந்து நான் சிரித்திருப்பேன், கறுப்புக் கண்ணாடி, வெளியே தெரிந்திருக்காது. சேறும் சகதியுமாகக் கிடந்த தெருவில் குழாய் போட்டேன், அது ஒரு தட்டில், கண்ணாடி ஒரு தட்டில், தராசு கண்ணாடிப் பக்கம் சாய்ந்ததாம். கோபம் வந்தது. பிறகு விடியக்காலம் வாசல் தெளிக்கும்போது ஒரு கார் போனது, யாரோ வெளியூர்க் கார், கண்ணாடி ஏற்றியிருந்தது, உள்ளே யார் என்று தெரியவில்லை, நான் வாளியோடு ஒதுங்கி நின்றேன், என்மேல் சொட்டுச் சேறுகூடப் படவில்லை, ஆனாலும் ஒரு மாதிரி இருந்தது. அவ்வளவுதான் மரியபுஷ்பம் சொன்னது. சரி. அது அவள் ஓட்டு. அவள் இஷ்டம். ஆனால் ஜெனியின் கண் மஞ்சளாக இருப்பதற்கும் கண்ணாடிக்கும் சம்பந்தம் இல்லை, அதையும் அவளேதான் சொன்னாள், அது வேற, இது வேற.

காலையில் வெள்ளைச் சேலையா நீலச் சேலையா என்று நின்றபோது என் வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றார். "போறியா?" "போறேன்." "என்னன்னு சொல்லப் போற?" "தண்ணியில சாக்கடை கலக்குன்னு சொல்லப் போறேன்." "எந்தத் தண்ணியில? யாரு போட்ட லைன்ல?" கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு என்மேல் கோபம் இல்லை, அதுதான் சங்கடம். "ஏளா உலகு, யோசிச்சுப் பாரு. நீ வாயத் தொறந்து சொன்னேன்னு வையி, நாளைக்கே ஊர்ல என்ன பேசுவான்? அவ போட்ட லைன்ல அவளே குத்தம் சொல்லுதாம்பான். நகரச் செயலாளர் நேத்தே போன் போட்டாவ, அடுத்த தடவைக்கு ஒன் பேருதான் மொதல்ல இருக்காம். இத மட்டும் பேசாம இருக்கச் சொல்லு, தானா சரியாவும்னாவ." தானாக எது சரியாகும்? உடைந்த குழாய் தானாக ஒட்டிக்கொள்ளுமா? ஆனால் அவர் சொன்னது முழுக்கப் பொய்யும் இல்லை. மறுபடி ஏறுவதற்கு ஒரு ஏணி இருக்கிறது, முதல் படியில் என் பெயர் எழுதியிருக்கிறது, நான் இன்றைக்கு இந்தப் பெஞ்சிலிருந்து எழுந்து அந்தத் திரைக்குள் போய் நாலு வார்த்தை சொன்னால் அந்தப் படி போய்விடும். மறுபடி ஏற எனக்கு ஆசை இல்லையா? இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. அந்த மேஜை வழுவழுப்பு இப்போதும் முழங்கையில் இருக்கிறது. மணியை அழுத்தினால் நம்பிராஜன் வருவான், வா என்றால் வரும், போ என்றால் போகும், அந்தச் சுகம் வேறு எதிலும் இல்லை. சாமியார் மாதிரிப் பேச எனக்கு வராது.

பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். வெற்றிலை வாசம். பெஞ்சு அமுங்கி என் சேலை தானாக விடுபட்டது, நல்லது. வீட்டு வரியில் பெயர் மாற்ற வந்திருக்கிறாராம், கேட்காமலே சொன்னார், வெளித்தெருக்காரர், என்னைத் தெரியவில்லை. "நீங்க என்ன விசயமா வந்திய?" "தண்ணி விசயமா." "இப்ப இருக்குத பிள்ள நல்ல பிள்ளதான். பேச்சே வராது. முந்தி ஒரு அம்மா இருந்துச்சு, அது சத்தம் போடும். இந்தத் தெருவுக்கே கேக்கும்." எனக்குச் சிரிப்பு முட்டியது. "இப்ப அந்த அம்மா என்ன ஆச்சு?" "தோத்துட்டாவல்லா." "தோத்தா சத்தம் போயிருமோ?" பெரியவர் நிஜமாகவே யோசித்தார், தாடையைச் சொறிந்தார். "தொண்ட எங்க போவும்? அது பாட்டுக்கு இருக்கும்" என்றார். அது பாட்டுக்கு இருக்கிறது. ஒரு வருஷமாக அதைக் கொத்துமல்லிக்காரனிடம் பேரம் பேசத்தான் எடுத்திருக்கிறேன். தோற்ற மறுநாள் போன் அடிக்கவில்லை. விடியக்காலம் ஐந்து மணிக்கே அடிக்க ஆரம்பிக்கும் போன், தண்ணி வரல, விளக்கு எரியல, எங்க மாமா செத்துட்டாரு ஆம்புலன்ஸ் வேணும், அது அன்றைக்கு மேஜைமேல் செத்த தவளை மாதிரிக் கிடந்தது. கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து நான் நிஜமாகவே கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரப் பையன் தன் போனில் இருந்து எனக்கு அடித்துக் காட்டினான், என் போன் பாடியது, "நல்லாத்தான் இருக்கு மேடம்" என்றான். அவன் கண்ணைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு வந்தேன். அதற்கு அப்புறம் சந்தைக்குப் போனால் இந்த ஆபீஸ் இருக்கிற ரோட்டை விட்டுவிட்டுக் கோயிலைச் சுற்றிப் போவேன், வெயிலில், பையைத் தூக்கிக்கொண்டு. விழுகிறது கஷ்டம் என்கிறார்களே, விழுகிறது ஒரு கஷ்டமும் இல்லை, அது ஒரு மத்தியானத்தில் முடிந்துபோன காரியம், எண்ணினார்கள், எழுதினார்கள், அறிவித்தார்கள். யாரும் தள்ளவில்லை. என் பக்கத்தில் நின்றவர்கள் ஒவ்வொருத்தராக வேறு இடத்தில் போய் நின்றார்கள், அவ்வளவுதான். கஷ்டம் என்பது கோயிலைச் சுற்றிப் போனதுதான். ஒரு வருஷம் சுற்றினேன். இன்றைக்குச் சுற்றவில்லை, நேர் ரோட்டில் வந்தேன், டீக்கடையில் தலைகள் திரும்பின, திரும்பின தலைகள் மறுபடி தினத்தாளுக்குப் போய்விட்டன. இவ்வளவுதானா? இதற்கா கோயிலைச் சுற்றினேன்?

ஆனால் பயம் இருக்கிறது, இல்லாமல் இல்லை. திரைக்கு உள்ளே யாராவது என்னை நிற்க வைத்துப் பேசினால்? அதுகூடப் பரவாயில்லை, நின்று பேசினாலும் நான் பேசிவிடுவேன். இப்போது சேர்மனாக இருக்கிற அந்தப் பிள்ளை செண்பகவல்லி என்மேல் இரக்கப்பட்டால்? "அக்கா, காப்பி சாப்பிடுங்க" என்று ஆரம்பித்தால்? இரக்கம் வந்தால் என் தொண்டை என் பேச்சைக் கேட்காது. ஏறும்போது ஊர் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டது, அதை என்னால் தாங்க முடிந்தது, அதில் ஒரு ருசிகூட இருந்தது. இரக்கத்தில் ருசி இல்லை. ஜெனியை நினைத்துக்கொள்ள வேண்டும். அவள் முகம் வந்தால் தொண்டை நிற்கும். சின்ன வயசில் அவள்தான் முதல்முதலாகத் திறந்த குழாய்க்கு அடியில் தலையைக் கொடுத்தவள், தண்ணி வந்த அன்றைக்கு, பெரிய ஆட்கள் எல்லாம் மாலையோடு நிற்கும்போது நடுவே புகுந்து பாவாடையோடு நனைந்து, எல்லாரும் விரட்ட, நான் விடச் சொன்னேன். அந்தக் குழாய்தான். அந்தப் பிள்ளைதான். திரை அசைகிறது. நம்பிராஜன் தலையை நீட்டுகிறான். "எம்மா, வாங்க." நான் எழுந்தேன். அவன் திரையைப் பிடிப்பதற்குள் நானே ஒதுக்கினேன். பாலியஸ்டர்.

உள்ளே மூன்று பேர். நாற்காலியில் செண்பகவல்லி, முப்பத்தைந்து வயசு இருக்கும், தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். பக்கவாட்டில் வைஸ் சேர்மன் கொம்பையா. ஓரமாக என்ஜினியர், ஊருக்குப் புதுசு. நான் நுழைந்ததும் செண்பகவல்லி சட்டென்று எழுந்துவிட்டாள், டீச்சர் அல்லவா, பழக்கம், எழுந்த பிறகுதான் எழுந்திருக்க வேண்டியதில்லை என்று அவளுக்கு ஞாபகம் வந்தது, உட்காரவும் முடியவில்லை. கொம்பையா பல்லைக் காட்டினார்.

"என்ன மைனி, வழி தெரிஞ்சு வந்துட்டியளா?"

"நான் போட்ட ரோடுதானே கொம்பையா, தெரியாம என்ன?" எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். கால் தரையில் நன்றாக எட்டியது. குரலும் வந்தது, என் குரல், முறத்துக் குரல். பயந்தது எல்லாம் வராந்தாவிலேயே தங்கிவிட்டது போலிருக்கிறது. "கிணத்தடித் தெருவுல குடிதண்ணியில வாறுகால் கலந்து வருது. ஒரு பிள்ள ஆஸ்பத்திரியில கெடக்கா. நாலு வீட்ல வாந்தி. இன்னிக்கே தண்ணிய நிப்பாட்டி, லைனத் தோண்டிப் பாக்கணும். அதுவரைக்கும் லாரியில தண்ணி தரணும்."

என்ஜினியர் தொண்டையைக் கனைத்தார். "அது புது லைன்மா. அதுல லீக் ஆக வாய்ப்பு இல்ல. வீட்டுத் தொட்டியக் கழுவாம வச்சிருப்பாங்க."

"புது லைனு" என்றார் கொம்பையா. மெதுவாகச் சொன்னார், வாயில் மிட்டாய் போட்டுச் சப்புகிற மாதிரி. "மைனி காலத்துல, மைனி முன்ன நின்னு போட்ட லைனு. அது சரியில்லன்னு மைனியே சொல்லுதாவளா?"

மின்விசிறி சுற்றுகிறது. இது நான் எதிர்பார்த்த கேள்விதான், வராந்தாவில் இதற்குத்தானே இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வந்தேன். இப்போது நேரே நிற்கும்போது இது எவ்வளவு சின்னக் கேள்வி. ஆமாம் என்று சொன்னால் என் வீட்டுக்காரர் கட்டிலில் தலையைத் தொங்கப் போட்டு உட்காருவார், நகரச் செயலாளர் போன் போட மாட்டார், தங்கக்கிளி அடுத்த பந்தியில் இன்னொரு கேள்வி கேட்பாள். இல்லை என்று சொன்னால் குழாயில் நாளைக்கும் தண்ணி வரும். போன தடவை மற்றவர்கள் எண்ணி என்னை இறக்கினார்கள், அன்றைக்கு என்னிடம் யாரும் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்கிறார்கள்.

"ஆமா, நான்தான் சொல்லுதேன். நான் போட்ட லைன்தான். எங்கயோ ஒடஞ்சிருக்கு. மன்றத்துல யாரு கேட்டாலும் உலகம்மாவே வந்து சொன்னான்னு சொல்லுங்க. பத்திரிகைக்காரன் கேட்டாலும் சொல்லுங்க, வேணும்னா என்னையக் கூப்பிடுங்க, நான் வந்து சொல்லுதேன். ஆனா பேசுதது எல்லாம் நாளைக்கு. தோண்டுதது இன்னிக்கு."

கொம்பையா என்ஜினியரைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு உள்ளே எதுவும் உடையவில்லை, காதை வைத்துக் கேட்டுப் பார்த்தேன், ஒன்றும் உடையவில்லை. செண்பகவல்லி அப்போதுதான் உட்கார்ந்தாள். மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்தாள், மூடியைத் திறந்தாள், மூடினாள். "என்ஜினியர் சார், வால்வ அடைக்கச் சொல்லுங்க. குழாய் பிட்டரக் கூப்பிடுங்க. லாரி அனுப்புங்க." "மன்றத்துல வைக்காம எப்படிம்மா..." என்றார் கொம்பையா. "தோண்டிட்டு வைப்போம்" என்றாள். குரல் கீச்சென்றுதான் வந்தது, ஆனால் வந்தது.

வராந்தாவில் பாதி தூரம் போயிருப்பேன், பின்னால் செருப்புச் சத்தம். செண்பகவல்லி தனியாக வந்தாள், நம்பிராஜனைக்கூடக் கையால் நிறுத்திவிட்டு. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள், பெரியவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் என்னைத் தூண் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளு."

"தோத்த அன்னிக்கு... எப்படி இருந்துச்சு?"

கண்ணைச் சுற்றிக் கறுப்பு. தூங்குகிறாளா இல்லையா? வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, அதற்குள் நாலு வருஷத்துக்கு அப்புறம் வரப்போகிற ஒரு மத்தியானத்தை இப்போதே சுமந்துகொண்டு நடக்கிறாள். பெரிய பதில் ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். வந்தது உண்மைதான்.

"பசிச்சுது."

"என்னது?"

"காலையில இருந்து பச்சத் தண்ணி குடிக்கல. முடிவு சொன்னதும் வயிறு கபகபன்னு பசிச்சுது. எல்லாரும் நான் அழுவேன்னு பாத்துட்டு நிக்கான். நான் வீட்டுக்குப் போய்ச் சட்டிய எடுத்து வச்சு, சோத்தப் போட்டு, நெத்திலிக் குழம்ப ஊத்தித் தின்னேன். ரெண்டு தடவை வாங்கித் தின்னேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரிப்பு நிற்க மறுத்தது, கண்ணில் தண்ணி வந்துவிட்டது. "அவ்வளவுதானா?"

"அன்னிக்கு அவ்வளவுதான். நீ இன்னிக்குச் சாப்பிட்டியா?"

இல்லை என்று தலையாட்டினாள். "போ, போய்ச் சாப்பிடு. கொம்பையா காத்துக் கெடக்கட்டும்." போனாள். தங்கக்கிளிக்கு அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கலாம். பரவாயில்லை, சேர வேண்டிய ஆளுக்குச் சேர்ந்தது.

வெளியே குட்டியானை வண்டி ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது, பின்னால் கடப்பாரை, மண்வெட்டி, நாலு ஆள். பிட்டர் முத்தரசு எட்டிப் பார்த்தான். "எம்மா, நீங்களும் ஒங்க தெருவுக்குத்தானே? ஏறுங்க." டிரைவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கண்ணாடியே இல்லாத வண்டி, வெக்கையும் தூசியும் நேராக முகத்தில் அடித்தது, கடைத்தெருவில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நானும் எல்லாரையும் பார்த்தேன். முத்தரசு பின்னால் இருந்து கத்திக்கொண்டே வந்தான், லைன் தெருவுக்குள் நுழைந்து மூன்று இடத்தில் வாறுகாலைத் தாண்டுகிறது, மூன்றில் எது என்று தெரியாது, எங்கே ஆரம்பிக்க? முதல் இடம் எங்கள் வீட்டு வாசல். வாறுகாலுக்கு மேலே சிமெண்ட் போட்டு, பூப்போட்ட கல் பதித்து, என் வீட்டுக்காரர் பார்த்துப் பார்த்துக் கட்டிய வாசல்படி. அதைத் தொட ஒருத்தனுக்கும் தைரியம் வராது, முன்னாள் ஆனாலும். தெருவில் வண்டி நின்றபோது மரியபுஷ்பமும் இன்னும் பத்துப் பெண்களும் காலிக் குடத்தோடு நின்றார்கள். என் வீட்டுக்காரர் வாசலில் நின்றார்.

"நம்ம வாசல்ல இருந்து ஆரம்பிங்க" என்றேன்.

முத்தரசு என் வீட்டுக்காரரைப் பார்த்தான். அவர் என்னைப் பார்த்தார். ஆபீஸில் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று என் முகத்தில் படித்துவிட்டார், இருபத்தெட்டு வருஷமாகப் படிக்கிறார். படிமேல் நிறுத்தியிருந்த பைக்கின் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, உருட்டிக்கொண்டு போய் எதிர்ச்சாரியில் விட்டார். திரும்பி வந்து பூப்போட்ட கல்லை ஒரு தடவை பார்த்துவிட்டு, "நடுவுல அடிக்காத, ஓரத்துல நெம்பு, லேசா வந்துரும்" என்று முத்தரசுவிடம் சொன்னார். கடப்பாரை இறங்கியது. கல் பெயர்ந்து, சிமெண்ட் பெயர்ந்து, ஈர மண் வந்தது, அப்புறம் குப்பென்று ஒரு நாற்றம் தெருவை நிறைத்தது, பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். நான் பொத்தவில்லை. சரியான இடம்தான்.